ஹெல் பாதிரியாரும் இரண்டு நிற மையும்

2012 ஜூன் 6, புதன்கிழமை காலை. நாக்பூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு சின்னக் கூட்டம். எல்லார் கையிலும் கிரகணக் கண்ணாடி. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆரஞ்சு வட்டத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. கீழ் வீட்டு மராட்டிக்காரர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மச்சம் மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார். நானும் பத்து மணிக்குள் பிராஞ்சில் இருக்க வேண்டும் என்று இறங்கிவிட்டேன்.

அன்று இரவு இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். அடுத்தது 2117இல்தான் என்று தெரிந்ததும், இன்னும் பத்து நிமிடம் நின்று பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. படிக்கப் படிக்க ஒரு பாதிரியாரின் கதையில் போய் மாட்டிக்கொண்டேன். அவர் பெயர் ஹெல். ஆமாம், ஆங்கிலத்தில் நரகம். ஜெர்மன் மொழியில் அதே சொல்லுக்கு வெளிச்சம் என்று பொருளாம். அவர் வாழ்க்கையில் இரண்டும் நடந்திருக்கிறது.

பி.காம். படித்த ஆளுக்கு வானியல் எதற்கு என்று கேட்காதீர்கள். இது அடிப்படையில் ஒரு ரிஜிஸ்டரைச் சரிபார்த்த கதை. அதனால் எனக்கும் இதில் கொஞ்சம் உரிமை உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கறுப்புப் புள்ளிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று பார்த்துவிடுவோம்.

17ஆம் நூற்றாண்டிலேயே கெப்ளர் கிரகங்களுக்கு ஒரு விதி சொல்லிவிட்டார். ஒரு கிரகம் சூரியனைச் சுற்ற எவ்வளவு காலம் எடுக்கிறது என்று தெரிந்தால், மற்றக் கிரகங்களோடு ஒப்பிட்டு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். பூமியின் தூரம் 100 என்றால் வெள்ளியின் தூரம் 72, செவ்வாயின் தூரம் 152. ஆனால் அந்த 100 என்பது எத்தனை மைல்? அதுதான் தெரியாது. எல்லா விகிதமும் சரியாகப் போட்டிருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில்கூட ரூபாய்த் தொகை இல்லாத ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு தொகை தெரிந்துவிட்டால் போதும், மீதி எல்லாக் கட்டமும் தானாக நிரம்பிவிடும்.

அந்த ஒரு தொகையைப் பிடிக்க 1716இல் எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொன்னார் (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி). கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தெரியும். அதே போல, வெள்ளி சூரியனைக் கடப்பதை பூமியின் வடகோடியிலிருந்து ஒருவரும் தென்பகுதியிலிருந்து ஒருவரும் பார்த்தால் அது சூரியன் மேல் வெவ்வேறு கோட்டில் போகும். ஒரு கோடு நீளம், ஒரு கோடு குட்டை. கடக்க ஆகும் நேரமும் மாறும். இந்த நேர வித்தியாசத்தை வைத்துச் சூரியனின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். தேவையானது நல்ல கடிகாரம், டெலஸ்கோப், இரண்டு தொலைதூர ஊர்கள், மேகமில்லாத வானம்.

ஹாலிக்கே தெரியும், தன் ஆயுளில் அது வராது என்று. 1742இல் அவர் இறந்துபோனார். வெள்ளி 1761இல் வந்தது. பல நாடுகள் ஆட்களை அனுப்பின. கிடைத்த விடை ஏமாற்றம். அவர்கள் அளந்தது இடமாறு தோற்றக் கோணம் என்ற ஒன்று. சூரியனிலிருந்து பார்த்தால் பூமியின் ஆரம் எவ்வளவு கோணத்தில் தெரியும் என்ற கணக்கு. ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு விகலை. 1761இல் வந்த விடைகள் 8.3 விகலையிலிருந்து 10.6 விகலை வரை பரவிக் கிடந்தன. தூரமாகச் சொன்னால் ஒருவர் 15.8 கோடி கிலோமீட்டர் என்கிறார், இன்னொருவர் 12.4 கோடி என்கிறார். நம் தொழிலில் இவ்வளவு வித்தியாசத்துக்கு வேலை போய்விடும்.

காரணங்களில் ஒன்று, வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொடும் நொடியில் அது சுத்தமான வட்டமாகத் தெரிவதில்லை. குழாயிலிருந்து விழப்போகும் தண்ணீர்ச் சொட்டுப் போல விளிம்போடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. இதற்குக் கறுப்புச் சொட்டு என்றே பெயர் வைத்தார்கள். எந்த நொடியில் ஒட்டல் விட்டது என்று பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்குள்ளேயே பல நொடி வித்தியாசம் வந்தது.

மிச்சம் இருந்த ஒரே வாய்ப்பு 1769 ஜூன் 3. அதை விட்டால் 1874தான். அதனால் அன்றைய ஐரோப்பா முழுவதும் இதில் இறங்கியது. இங்கிலாந்து கேப்டன் குக்கைத் தாஹிதித் தீவுக்கு அனுப்பியது. பிரான்ஸின் ஷாப் கலிபோர்னியாத் தீபகற்பத்துக்குப் போய், வெற்றிகரமாகப் பார்த்து, இரண்டு மாதத்துக்குள் தொற்று நோயில் அங்கேயே இறந்தார். இன்னொரு பிரெஞ்சுக்காரர் லெ ஜான்டி நம் பாண்டிச்சேரியில் உட்கார்ந்திருந்தார். 1761ஆம் வருடத்துக்காகக் கிளம்பி, போரில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டதால் கரையிறங்க முடியாமல் நடுக்கடலில் ஆடும் கப்பலில் அதைக் கழித்து, அடுத்ததையும் பார்த்துவிட்டே போவது என்று எட்டு வருடம் இந்தப் பக்கமே தங்கிவிட்டவர். அன்று காலை பாண்டிச்சேரியில் மேகம். வெள்ளி கடந்து முடிந்த பிறகு வானம் வெளுத்தது. 1771இல் ஊர் திரும்பினால், இவர் செத்துவிட்டார் என்று வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அகாதமியில் இவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. அவர் எழுதிய அறிக்கையில் இருந்தது, மேகம் மூடிவிட்டது என்ற உண்மை மட்டும். பார்த்ததாக ஒரு நேரத்தை எழுதிவிடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஹெல். 1720இல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஒரு சுரங்க ஊரில் பிறந்தவர். யேசு சபைத் துறவி, நம் வீரமாமுனிவர் இருந்த அதே சபை. வியன்னா வானாய்வகத்தின் தலைவர், வருடா வருடம் அங்கிருந்து பஞ்சாங்கம் போல ஒரு வானியல் கையேடு வெளியிட்டவர். வெள்ளிக்கு ஒரு நிலா இருக்கிறது என்று அந்தக் காலத்தில் பலர் பார்த்ததாகச் சொன்னபோது, அது டெலஸ்கோப் கண்ணாடியில் ஏற்படும் எதிரொளிப்பு என்று 1766இல் ஒரு புத்தகமே எழுதினார். கண் எப்படி ஏமாறும் என்று தெரிந்த மனிதர்.

டென்மார்க்கும் நார்வேயும் அப்போது ஒரே மன்னருக்குக் கீழே இருந்தன. புராட்டஸ்டண்ட் நாடு. யேசு சபைக்காரர்கள் உள்ளே நுழையவே சட்டத்தில் தடை. அந்த மன்னர் ஏழாம் கிறிஸ்டியன், இந்த யேசு சபைக்காரரைச் செலவு கொடுத்து அழைத்தார். நார்வேயின் வடகிழக்குக் கோடியில், ஏறக்குறைய 70 டிகிரி வடக்கில் வார்டோ என்று ஒரு தீவு. அங்கே ஜூனில் சூரியன் மறையாது. நடுராத்திரியிலும் சூரியன் இருப்பதால் வெள்ளி நுழைவதையும் வெளியேறுவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஹெல்லும் அவருடைய உதவியாளர் ஷாய்னோவிச்சும் 1768 ஏப்ரலில் வியன்னாவை விட்டு அக்டோபரில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். குளிர்காலத்தில் சூரியனே இல்லாத வாரங்களையும் கடந்து, வானாய்வகம் கட்டிக் காத்திருந்தார்கள்.

ஜூன் 3 அன்று அங்கேயும் மேகம். ஆனால் வெள்ளி நுழையும் நேரத்துக்கு மேகம் விலகியது. பிறகு மூடியது. வெளியேறும் நேரத்துக்கு மறுபடி விலகியது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் என்ன சொல்வது? அதே வடக்கில் வேறு இடங்களில் இருந்த ஆங்கிலேயர்களான பெய்லி, டிக்ஸன் இருவருக்கும் மேகம் காரியத்தைக் கெடுத்துவிட்டது. இதன் பொருள் என்ன? தாஹிதியில் வெள்ளி கடக்க எடுத்த நேரத்தோடு ஒப்பிட வடக்கே இருக்கும் மிக நல்ல கணக்கு ஹெல்லுடையது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 23 நிமிடம். சூரியனின் தூரமே இந்த 23 நிமிடத்தில்தான் இருக்கிறது. ஹெல்லின் நோட்டில் எழுதிய நொடிகள் ஒரு தனி மனிதரின் குறிப்பு அல்ல, எல்லாருக்கும் தேவையான கணக்கு.

இங்கேதான் சண்டை ஆரம்பம்.

பாரிஸில் லலாந்த் என்று ஒரு வானியலாளர். உலகம் முழுவதிலிருந்தும் வரும் கணக்குகளைத் திரட்டிக்கொண்டிருந்தவர். அறிவு எல்லாருக்கும் பொது, பார்த்ததை உடனே சபையில் வை, மறைக்காதே என்பது அவர் கொள்கை. அந்தக் காலத்து அறிவொளி இயக்கத்தின் கொள்கையே அதுதான். ஹெல் தன் கணக்கை உடனே அனுப்புவார் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. ஹெல் ஜூன் கடைசியில் வார்டோவை விட்டுக் கிளம்பி, அக்டோபரில் கோபன்ஹேகன் வந்து, நவம்பரில் அங்குள்ள அறிவியல் சங்கத்தில் வாசித்து, 1770 தொடக்கத்தில்தான் அச்சில் கொடுத்தார். அதற்குள் மற்ற இடத்துக் கணக்குகள் வெளிவரத் தொடங்கிவிட்டன.

லலாந்துக்குச் சந்தேகம். இவர் ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறார்? மற்றவர்களின் எண்களைப் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் தன் எண்ணைச் சரிக்கட்டிக்கொள்ளத்தானே?

நான் லலாந்தைக் குறை சொல்ல மாட்டேன். டெண்டர் பிரிக்கும்போது எல்லா உறையையும் ஒரே நேரத்தில் பிரிக்கிறோம். ஒரு ஆள் மட்டும் "மற்றவர்களுடையதைப் பிரியுங்கள், நான் நாளைக்குத் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்வோமா? அதே சமயம் ஹெல் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. செலவு செய்தவர் டென்மார்க் மன்னர். முதல் பிரதி அவருக்குத்தான் போக வேண்டும். அவர் பொறுப்பில் போனவர், பாரிஸுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டால் அது நன்றி கெட்ட செயல். தவிர, பார்த்ததைக் கொட்டிவிடாமல் வார்டோவின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் சரிபார்த்து முழுக் கணக்காகத் தர வேண்டும் என்று நினைத்தவர்.

ஆக, நல்ல விஞ்ஞானி யார் என்பதற்கு இரண்டு படங்கள். ஒருவருக்கு, கையில் கிடைத்ததை உடனே பொதுவில் வைப்பவன். இன்னொருவருக்கு, சொன்ன வாக்குக்குக் கட்டுப்பட்டு, சரிபார்த்து முடித்துத் தருபவன். இரண்டும் நல்ல குணம்தான். ஒன்றின் கண்ணுக்கு மற்றது திருட்டுத்தனமாகத் தெரிகிறது என்பதுதான் சிக்கல். இத்தனைக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. கண்டுபிடிப்பை எழுதி முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்துவைக்கும் வழக்கம் பாரிஸ் அகாதமியில் ஏற்கெனவே இருந்தது. ஹெல் ஜூனிலேயே எங்காவது அப்படி ஒரு உறையைக் கொடுத்து வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இதில் இன்னொன்றும் கலந்தது. அந்த நாளில் படித்தவர்கள் மத்தியில் யேசு சபை என்றாலே சூழ்ச்சிக்காரர்கள் என்று ஒரு எண்ணம். போர்ச்சுகலும் பிரான்ஸும் ஸ்பெயினும் அவர்களை ஏற்கெனவே வெளியேற்றியிருந்தன. 1773இல் போப்பாண்டவரே அந்தச் சபையைக் கலைத்தார். லலாந்த் சிறு வயதில் அதே சபையின் பள்ளியில் படித்தவர், பின்னாளில் நாத்திகர். ஹெல்லின் எண்ணைப் பார்த்தவர்கள் பலர், எண்ணுக்கு முன்னால் அங்கியைப் பார்த்தார்கள்.

ஹெல்லும் பூவைப் போன்றவர் அல்ல. நன்றாகச் சண்டை போடுவார். 1774இல் மெஸ்மர் என்ற மருத்துவர் காந்தத்தால் நோய் தீர்க்கிறேன் என்று கிளம்பியபோது அவருக்குக் காந்தங்கள் கொடுத்தது ஹெல்தான். பிறகு அந்தப் பெருமை யாருக்கு என்று இருவரும் பத்திரிகையில் மோதிக்கொண்டார்கள். சூரியனின் தூரம் பற்றியும் லலாந்துக்கு விடாமல் பதில் எழுதினார். ஹெல் போட்ட கணக்கு 8.70 விகலை.

ஹெல் 1792இல் இறந்தார். லலாந்த் பிற்காலத்தில் மனம் மாறி, வார்டோவில் செய்த வேலை முழு வெற்றி, சூரியனின் தூரத்தைத் தந்த ஐந்து முழுமையான கணக்குகளில் அதுவும் ஒன்று என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். போட்டியாளர் ஒப்புக்கொண்டாயிற்று. ஃபைலை மூடியிருக்க வேண்டும்.

மூடவில்லை. 43 வருடம் கழித்து, ஹெல்லின் சொந்த ஆபீசிலேயே ஃபைல் மறுபடி திறந்தது. வியன்னா வானாய்வகத்தில் கார்ல் லிட்ரோ என்று ஒரு இளைஞர். தந்தை அங்கே தலைவர், பின்னாளில் இவரும் தலைவரானார். ஹெல் வார்டோவில் எழுதிய கையெழுத்து நாட்குறிப்பு இவர் கையில் கிடைத்தது. படித்துப் பார்த்து அதிர்ந்துபோனார். முக்கியமான எண்கள் இருக்கும் இடத்திலேயே அடித்தல், திருத்தல். அதுவும் வேறு நிற மையில்! முதலில் எழுதியது ஒரு மை, மேலே எழுதியது வேறு மை. அப்படியென்றால் பிற்பாடு உட்கார்ந்து மாற்றியிருக்கிறார் என்றுதானே பொருள்? 1835இல் லிட்ரோ இதைப் புத்தகமாகப் போட்டார். லலாந்த் அன்று சந்தேகப்பட்டதற்கு இன்று ஆதாரம் கிடைத்துவிட்டது. அதுவும் சொந்த ஆய்வகத்து ஆளே சொல்கிறார். அவ்வளவுதான், ஏறக்குறைய ஐம்பது வருடம் ஹெல் வானியல் உலகத்தின் பித்தலாட்டக்காரர்.

லிட்ரோ ஒரு பொய்யும் சொல்லவில்லை. தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்.

1883. சைமன் நியூகோம் என்ற அமெரிக்க வானியலாளர் வியன்னா வந்தார். அங்கே புதிதாக நிறுவியிருந்த 27 அங்குலப் பெரிய டெலஸ்கோப்பைப் பார்ப்பதற்காக. வானம் ஒத்துழைக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், அந்தப் பழைய ஹெல் நாட்குறிப்பைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கினார். அவருக்கு இதில் வெறும் வேடிக்கை மட்டும் இல்லை. 1761, 1769 கணக்குகளைத் தோண்டி மறுபடி போடும் எண்ணம் இருந்தது. ஹெல்லின் எண்ணைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். லிட்ரோ சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் நோட்டைத் திறந்தார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கதை மாறியது. பிற்பாடு திருத்தியதாக லிட்ரோ சொன்ன இடத்தில், எழுதிய மை காய்வதற்கு முன்பே விரலால் தேய்த்துவிட்டு அதன் மேலேயே எழுதியிருக்கிறது. ஈர மையைத் தேய்ப்பது எழுதிய அந்த நிமிடத்தில்தான் முடியும். கோபன்ஹேகனில் உட்கார்ந்து ஆறு மாதம் கழித்துத் தேய்க்க முடியாது. வேறு மை என்று சொன்ன இடங்களில் இருந்தது வேறு மையே அல்ல. பேனா சரியாக ஓடாமல் வெளுப்பாக விழுந்த எழுத்தை மேலே அழுத்தி எழுதியதால் வந்த அடர்த்தி. யாரும் சந்தேகப்படாத பக்கங்களிலும் அதே ஏற்ற இறக்கம் இருந்தது. பிற்பாடு சேர்த்த சில குறிப்புகளும் உண்டு, ஆனால் முக்கியமான நேரங்களை அவை மாற்றவில்லை.

யோசித்துப் பாருங்கள், மோசடி செய்கிறவன் திருத்திய நோட்டை அப்படியே ஆபீசில் விட்டுவிட்டுச் சாவானா? ஒரு பக்கத்தைக் கிழித்து, சுத்தமாக மறுபடி எழுதி வைத்திருக்க மாட்டானா?

நியூகோமுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. தனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவது லிட்ரோவுக்கு ஏன் தெரியவில்லை? லிட்ரோ 1877இலேயே இறந்துவிட்டார். அப்போதைய தலைவர் வைஸிடம் போய், லிட்ரோவுக்கு நிறம் பார்ப்பதில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். உடனே பதில் வந்தது. உண்டு, அவருக்கு நிறக்குருடு. ரோகிணி நட்சத்திரத்தின் சிவப்புக்கும் ஒரு வெள்ளை நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

மையின் நிறத்தை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளி என்று எழுதியவருக்கு நிறம் தெரியாது! ஐம்பது வருடம் உலகம் அதை நம்பியிருக்கிறது. நோட்டு வியன்னாவில் அதே அலமாரியில் இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நியூகோம் அந்த வருடமே லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் இதழில் எழுதி ஹெல்லை விடுவித்தார்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன்.

2009இல் விதர்பாவில் ஒரு சிறிய ஊர் பிராஞ்சுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போன குழுவில் நான் இளையவன். நகைக்கடன் ரிஜிஸ்டர் என் பங்கு. ஒரு பதிவில் நகையின் எடை எழுதிய இடத்தில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் வேறு நிற மையில் கறுப்பாக இருந்தன. கையெழுத்துப் போட்டு உறுதி செய்யவில்லை. மாலை ஆகிவிட்டது, சாவி வைத்திருந்த இரண்டாவது ஆபீசர் கிளம்பிவிட்டார், லாக்கரைத் திறந்து பொட்டலத்தை எடை போட மறுநாள்தான் முடியும். எங்களுக்கு மறுநாள் வேறு ஊர். "பிற்பாடு திருத்தியதாகத் தெரிகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்துவிட்டேன். துப்பறிந்துவிட்ட பெருமை வேறு.

ஹெட் கேஷியருக்கு எக்ஸ்பிளனேஷன் கேட்டுக் கடிதம் போயிற்று. அவர் ரிடையர் ஆகச் சில வாரங்களே இருந்தன. பணிக்கொடை நின்றது. நான்கு மாதம் கழித்து யாரோ பொட்டலத்தைத் திறந்து எடை போட்டார்கள். ரிஜிஸ்டரில் இருந்த எடையேதான். அன்றைய தேதியிட்ட அப்ரைசர் சான்றிதழிலும் அதே எடை. நடந்தது இவ்வளவுதான்: கவுண்டரில் கயிற்றில் கட்டியிருந்த பேனாவில் ரீஃபில் தீர்ந்து, பக்கத்தில் இருந்த வேறு பேனாவில் மீதியை எழுதியிருக்கிறார். ஃபைல் மூடப்பட்டது என்று எனக்கு ஒருவர் போனில் சொன்னார். "அப்படியா" என்றேன். அதோடு விட்டுவிட்டேன்.

2012இல் ஹெல் கதையைப் படித்த பிறகு, ஒரு வாரம் யோசித்து, நம்பர் வாங்கி அவருக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொல்லி, அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உங்கள் பெயர் எனக்கு நினைவில்லை சாஹப், அந்த நாலு மாதம் நினைவிருக்கிறது" என்றார் இந்தியில். பிறகு என் குழந்தைகள் எந்த வகுப்பு என்று கேட்டார்.

நான் சந்தேகப்பட்டது தப்பில்லை. அதற்குத்தான் சம்பளம். லலாந்த் சந்தேகப்பட்டதும் தப்பில்லை, லிட்ரோ நோட்டைத் திறந்ததும் தப்பில்லை. சொந்த ஆபீசின் பழைய தலைவர் என்று மூடி மறைக்காமல் எழுதியதற்கு லிட்ரோவைப் பாராட்டக்கூட வேண்டும். விஞ்ஞானி என்றால் யாரையும் நம்பாமல் பார்க்க வேண்டும் என்று அந்த நூற்றாண்டு சொல்லிக்கொடுத்தது, நல்ல பாடம்தான். ஆனால் அந்தச் சந்தேகம் தன் கண் வரைக்கும் வரவில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு ஆளைக் கூப்பிட்டு, "இந்த இரண்டு மையும் உனக்கு வேறாகத் தெரிகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நானும் மறுநாள் காலை வரை ஒரு ராத்திரி தங்கியிருந்தால் போதும்.

ஹெல் மீதும் ஒரு சின்னக் குறை உண்டு. தப்பாக எழுதினால் தேய்க்கக்கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் என்று வார்டோவிலிருந்து ஒரு பாதிரியார் சொன்னார். விரலால் தேய்த்த ஒரு நொடிக்கு ஐம்பது வருடம் கெட்ட பெயர். ஆனால் அவரைக் காப்பாற்றியதும் அதே அழுக்கு நோட்டுத்தான். சுத்தமாகப் படி எடுத்து மூலத்தைத் தூக்கிப் போட்டிருந்தால், நியூகோம் வந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

கடைசியாக எண்களையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பல வருடம் எல்லாரும் நம்பிய என்கெ என்பவரின் கணக்கு 8.57 விகலை, அதாவது சுமார் 15.35 கோடி கிலோமீட்டர். ஹெல்லின் 8.70 என்பது 15.12 கோடி. நியூகோம் பிறகு பழைய கணக்குகளையெல்லாம் மறுபடி போட்டபோது 8.79 வந்தது. இன்றைய மதிப்பு 8.794 விகலை, 14.96 கோடி கிலோமீட்டர். ஹெல் மற்றவரைவிட அருகில்தான் இருந்திருக்கிறார். ஆனால் இதை வைத்து அவர் நேர்மையானவர் என்று நான் சொல்ல மாட்டேன். டோட்டல் டேலி ஆனதால் மட்டும் கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அவர் நேர்மையானவர் என்பதற்கு ஆதாரம் காய்வதற்குள் தேய்த்த அந்த மைதான்.

நிலாவில் ஒரு பள்ளத்துக்கு ஹெல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே எங்கள் மொட்டை மாடியிலிருந்து என் கண்ணுக்கு அது தெரியாது. அங்கே இருக்கிறது என்று சொல்கிறார்கள். நல்ல டெலஸ்கோப் வைத்திருக்கும் யாராவது ஒரு தடவை சரிபார்த்துச் சொன்னால் சந்தோஷம்.